எண்ணிப் பார்ப்பது யார்?

ஜெராக்ஸ் கடைக்கு ஒருவர் வருகிறார். ஒற்றைத் தாளை நீட்டி, "இது அறுபது பக்கம், எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுங்கள்" என்கிறார். கடைக்காரர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தத் தாளையும், மேசையில் அதற்கு அடியில் கிடந்த 59 தாள்களையும் நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறார். அடியில் கிடந்தவை யாருடையவை? ஒருவரின் வீட்டுப் பத்திரம், இன்னொருவரின் வங்கிக் கணக்கு விவரம், கடைக்காரரே தன் இரும்புப் பெட்டிக்கு எழுதிவைத்திருந்த ரகசிய எண்.

2014 ஏப்ரலில் உலகுக்குத் தெரியவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை இப்படிப்பட்டதுதான். இணையதளத்துக்கும் நம் உலாவிக்கும் இடையே போகிற பேச்சை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிற மென்பொருள் ஓப்பன் எஸ்எஸ்எல். இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சிறிய செய்தியொன்றை அனுப்பும். மறுபக்கம் அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியோடு அதன் நீளமும் எழுதி வரும். எழுதிய நீளமும் வந்த நீளமும் ஒன்றுதானா என்று அந்த நிரல் பார்க்கவில்லை. பொய்யான நீளத்தை எழுதி அனுப்பியவர்களுக்கு, ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே வந்தது. அதில் கடவுச்சொற்கள் இருக்கலாம். சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு வந்த பிழை, இரண்டு ஆண்டுகள் கழித்தே வெளிச்சத்துக்கு வந்தது. கனடாவின் வருமான வரித் துறையிலிருந்து மட்டும் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின.

அந்த நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. சி தானாக எண்ணாது. எண்ண வேண்டிய பொறுப்பு எழுதுகிறவருடையது. தானே எண்ணும் மொழிகள் இருக்கின்றன. கேட்ட நீளத்துக்குத் தாள் இல்லையென்றால் அவை அங்கேயே நின்றுவிடும்.

பணமும் ரகசியமும் உயிரும் தங்கியிருக்கிற மென்பொருளை எந்த மொழியில் எழுதுவது என்று பேச்சு வரும்போதெல்லாம் சில நம்பிக்கைகள் தவறாமல் மேலே வருகின்றன. சொல்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். அதனால்தான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: திறமையான ஆள் எழுதினால் சி மொழியும் பாதுகாப்பானதே. குறை மொழியில் இல்லை, எழுதுகிறவரிடம் இருக்கிறது.

உண்மை: இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல நிரலாளர்கள், தங்கள் கைத்திறன் மேல் வைத்த நம்பிக்கையில் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தான் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தங்களை 2019-ல் மைக்ரோசாஃப்ட் திரும்பிப் பார்த்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 விழுக்காடு, நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்த ஓட்டைகள். அடுத்த ஆண்டு கூகுளின் குரோம் குழு தன் உலாவியில் கடுமையானவை என்று வகைப்படுத்திய ஓட்டைகளை எண்ணியது. அங்கும் ஏறத்தாழ 70 விழுக்காடு. இரண்டு நிறுவனங்கள், வேறு வேறு மென்பொருள்கள். இரண்டும் பெரும்பாலும் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதியவை. அங்கே வேலை செய்பவர்களுக்குத் திறமையும் குறைவில்லை, சோதனைக் கருவிகளுக்கும் பஞ்சமில்லை. இவர்களைவிடத் திறமையானவர்களை எங்கே போய்த் தேடுவது?

லினக்ஸ் கணினிகளில் நிர்வாகி அதிகாரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிற சிறிய நிரல் சூடோ. வாசலில் நிற்கும் காவலாளி போன்றது. அதில் 2011 ஜூலையில் நுழைந்த ஒரு பிழை 2021 ஜனவரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதன் வழியே முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. இத்தனைக்கும் அதன் மூலநிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்தே கிடந்தது. சுமார் பத்து ஆண்டுகள், உலகமெங்கும் ஓடிய காவலாளி.

காரணம் எளிது. பெரிய மென்பொருளில் எண்ணிப் பார்க்க வேண்டிய இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லா இடத்திலும் சரியாக எண்ணியவர் ஒரே ஒரு இடத்தில் விட்டுவிட்டாலும் தாக்குகிறவருக்குப் போதும். மனிதர் களைத்துப்போவார், கவனம் சிதறும், பக்கத்து அறை நிரலாளர் மாற்றிய வரி இவருக்குத் தெரியாமல் போகும். எழுதிய நிரலை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கம்பைலருக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை.

எண்ணாமல் விடுவது ஒரு வகைப் பிழைதான். இன்னொரு வகை காலி செய்த வாடகை வீடு. வீட்டைக் காலி செய்த பிறகும் பழைய சாவி கையில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் அதே கதவைத் திறந்து உள்ளே போகிறோம். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நினைவகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த பிறகும் அதன் முகவரியைப் பயன்படுத்துவது இப்படித்தான். உள்ளே யாரைக் குடிவைப்பது என்று தாக்குகிறவர் முடிவு செய்தால், நிரலே அவர் வசமாகிவிடும். குரோம் குழு எண்ணிய கடுமையான ஓட்டைகளில் நினைவகம் சார்ந்தவற்றில் பாதியளவு இந்த வகை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2019-ல் வாட்ஸ்அப்பின் குரல் அழைப்பு நிரலில் இருந்த ஒரு நினைவகப் பிழை வழியாகப் பெகாசஸ் உளவு மென்பொருளைக் கைப்பேசிகளில் ஏற்றினார்கள். அழைப்பை எடுக்கக்கூடத் தேவையில்லை. மணி அடித்தாலே போதும். குறிவைக்கப்பட்டதாக வாட்ஸ்அப் சொன்ன சுமார் 1,400 பேரில் இந்தியப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயல்பாட்டாளர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் எந்த இணைப்பையும் தவறுதலாகத் தட்டவில்லை. யாரோ ஒரு நிரலாளர், எங்கோ ஒரு வரியில், ஒரு நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டார்.

முன்பின் தெரியாதவர் அனுப்புகிற தரவைத் திறந்து படிக்கிற புது நிரலை இன்று சி-யிலோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ தொடங்குவது தவறு என்றே நான் கருதுகிறேன். 2022 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும், 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகமும் நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டன.

நம்பிக்கை: அப்படியானால் பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, நினைவகப் பாதுகாப்புள்ள ரஸ்ட் மொழியில் திருப்பி எழுத வேண்டும்.

உண்மை: ஆண்ட்ராய்டு குழு அப்படிச் செய்யவில்லை, அவர்களுக்குக் கிடைத்த பலன் வியக்க வைக்கிறது. 2019-ல் ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த ஓட்டைகளில் 76 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை. 2024-ல் அது 24 விழுக்காடாக இறங்கியது. கோடிக்கணக்கான பழைய வரிகளை அவர்கள் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார்கள். புதிதாக எழுதுவதை மட்டும் ரஸ்ட், கோட்லின், ஜாவா போன்ற மொழிகளுக்கு நகர்த்தினார்கள்.

பழைய நிரல் அப்படியே இருக்கும்போது ஓட்டைகள் எப்படிக் குறையும்? பிழைகள் பெரும்பாலும் புதிதாக எழுதிய, அண்மையில் மாற்றிய வரிகளில்தான் குவிந்திருக்கின்றன. பழைய வரிகளில் இருந்தவை ஆண்டுக்கு ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டு அடைபட்டுவிடுகின்றன. ஐந்து ஆண்டு ஓடிய நிரலில் ஓட்டைகளின் அடர்த்தி, புது நிரலில் இருப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல் குறைவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சூடோவில் பத்து ஆண்டு பதுங்கியிருந்ததைப் போன்றவை இனியும் வரும். ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால், புதுக் கசிவு சேருவதை நிறுத்தினாலே பழைய கசிவு வற்றத் தொடங்குகிறது.

திருப்பி எழுதுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பல ஆண்டு ஓடிய நிரலில், புரியாத ஒரு வரி இருந்தால் அது பெரும்பாலும் என்றோ பட்ட அடிக்குப் போட்ட கட்டு. அதன் காரணம் தெரியாமல் புதிதாக எழுதுகிறவர் அதே அடியை மறுபடியும் படுவார். ஆகவே திருப்பி எழுதுவதென்றால் வாசல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: படம், எழுத்துரு, காணொளி, வலைச் செய்தி ஆகியவற்றைப் பிரித்துப் படிக்கிற பகுதிகள். 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் ஒரு சிறு நூலகத்தில் கண்ட ஓட்டைக்காகக் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உட்பட எத்தனையோ மென்பொருள்களை அவசரமாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை: பாதுகாப்பான மொழியில் எழுதிவிட்டால் மென்பொருளும் பாதுகாப்பாகிவிடும்.

உண்மை: முதல் நம்பிக்கையைக் கைவிட்டவர்கள் நேரே வந்து விழும் பள்ளம் இது.

ஜாவா எண்ணுகிற மொழி. நினைவகத்தை அத்துமீறிப் படிக்க விடாது. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் ஓட்டை ஜாவாவில் எழுதிய நூலகத்தில்தான் இருந்தது. நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு வேலைதான் அந்த நூலகத்துக்கு. குறித்துவைக்கச் சொன்ன வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அந்த முகவரிக்குப் போய் அங்கே கிடைப்பதைக் கொண்டுவரும் வசதி ஒன்றை 2013-ல் சேர்த்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு தேடல் பெட்டியிலோ அரட்டையிலோ அந்த வரியைத் தட்டிவிட்டால், சர்வர் அந்நியரின் முகவரிக்குப் போய் அவர் தந்த நிரலை எடுத்துவந்து ஓட்டியது. ஜெராக்ஸ் கடைக்காரர் தாள்களைச் சரியாகவே எண்ணினார். ஆனால் தாளில் எழுதியிருந்ததைத் தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டு, சாவியோடு கிளம்பிப் போய்விட்டார். ஓட்டையின் கடுமையை அளக்கும் அளவுகோலில் அதற்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. அது தாக்குதல் இல்லை, விபத்து. ஆனாலும் பாடம் இதேதான். அடா மொழியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நம்பகமான மென்பொருளுக்கென்றே உருவாக்கச் செய்தது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட்டின் வழிகாட்டும் நிரல் அடாவில் எழுதியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் மாற்றும்போது அது 32,767-க்கு மேல் போய்விட்டது. அடா பிழையைக் கண்டுபிடித்தது. தவறான எண்ணைச் சத்தமில்லாமல் கடத்திவிடவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் எழுதிவைக்கவில்லை. கணினியின் சுமையைக் குறைக்க, ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் காப்பு வைத்து மூன்றை விட்டிருந்தார்கள். அந்தக் கணக்குகள் ஏரியன் 4-க்குச் சரி. ஏரியன் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே நிரலை ஓட்டியதால் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. கிளம்பி 40 வினாடிக்குள் ராக்கெட் சிதறியது. விபத்தை வரவழைத்த அந்தக் கணக்கு, தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையே இல்லாத ஒன்று.

ரஸ்டுக்கும் இது பொருந்தும். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு பதிப்பு, சூடோவை ரஸ்டில் எழுதிய புது வடிவத்துக்கு மாற்றியது. அடுத்த மாதமே அதில் ஓட்டைகளை அடைக்க வேண்டி வந்தது. அவற்றில் ஒன்று: கடவுச்சொல்லைத் தட்டத் தொடங்கி முடிக்காமல் நேரம் கடந்துபோனால், தட்டிய எழுத்துகள் திரையில் தெரிந்தன. நினைவகம் துளியும் மீறப்படவில்லை. இதைக் காட்டி ரஸ்டால் பயனில்லை என்று சொல்வது தவறு. பழைய சூடோவின் ஓட்டை முழுக் கணினியையும் கொடுத்தது, இது திரைக்கு முன்னால் இருப்பவருக்குச் சில எழுத்துகளைக் காட்டியது. ஒரு வகைப் பிழை ஒழிந்தது, மற்ற வகைகள் இருக்கின்றன.

மொழியோடு அதன் சந்தையும் சேர்ந்தே வருகிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுப்பவர் பிறர் எழுதிய தொகுப்புகள் கிடக்கும் என்பிஎம் கிடங்கையும், ரஸ்டைத் தேர்ந்தெடுப்பவர் கிரேட்ஸ் கிடங்கையும் தேர்ந்தெடுக்கிறார். 2018-ல் என்பிஎம்மில் இருந்த ஈவன்ட் ஸ்ட்ரீம் என்ற சிறு தொகுப்பைப் பராமரித்தவர், உதவ முன்வந்த அந்நியர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை அதற்குள் கொண்டுவந்து வைத்தார். சி உலகமும் தப்பவில்லை. தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நூலகத்தில் பின்கதவு வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டதால் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. எந்த மொழியின் கம்பைலரும் இதைப் பிடித்திருக்காது.

நம்பிக்கை: பாதுகாப்பு வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

உண்மை: ஜாவா, கோ போன்ற மொழிகளில் நினைவகத்தைத் துப்புரவு செய்ய ஒரு பணியாள் கூடவே ஓடிக்கொண்டிருப்பார், அதற்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலான வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலக மென்பொருளுக்கு அந்த விலை ஒரு பொருட்டே இல்லை. ரஸ்டில் அந்தப் பணியாளும் இல்லை. ஒரு பொருளுக்கு ஒரே உரிமையாளர், இரவல் கொடுத்தால் திரும்ப வாங்கும் வரை விற்கக் கூடாது என்ற விதிகளைக் கம்பைலர் முன்கூட்டியே சரிபார்த்துவிடுகிறது. பழைய சாவியோடு யாரும் வெளியே போக முடியாது. எழுதும்போது கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஓடும்போது சி-க்கு இணையாக ஓடும். வேகத்தில் சமரசம் செய்யாத, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரல் 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு இடம் கொடுத்தது.

நம்பிக்கை: தகவலைப் பூட்டிக் காக்கும் மறையாக்க நிரலுக்கும் இதே விதிதான், நல்ல மொழி கிடைத்தால் போதும்.

உண்மை: இங்கே நாம் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கம்பைலரின் புத்திசாலித்தனமே எதிரியாகலாம். வேலை முடிந்ததும் ரகசியச் சாவியை நினைவகத்திலிருந்து அழிக்க அந்த இடத்தில் பூஜ்யங்களை எழுதுகிறோம். அதன் பிறகு அந்த இடத்தை யாரும் படிப்பதில்லை என்று கவனிக்கும் கம்பைலர், எழுதுவது வீண் வேலை என்று முடிவு செய்து அந்த வரியையே நீக்கிவிடலாம். நிரலில் அழிக்கும் வரி இருக்கும். ஓடும் இயந்திரத்தில் சாவி அழியாமல் கிடக்கும். இதற்காகவே, கம்பைலர் நீக்கக் கூடாத அழிப்பான் ஒன்றை ஓப்பன் பிஎஸ்டி இயங்குதளக் குழு தனியே எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு வழி நேரம். கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, முதல் தவறிலேயே "இல்லை" என்று சொல்லும் நிரல், எத்தனை எழுத்து சரி என்பதைத் தான் எடுத்துக்கொண்ட நேரத்தாலேயே காட்டிக்கொடுக்கிறது. நேரத்தை அளந்தே ரகசியச் சாவிகளைக் கண்டுபிடிக்க முடியும் என்று மறையாக்க ஆய்வாளர் பால் கோச்சர் 1996-ல் காட்டினார். சி, ரஸ்ட், ஜாவா எதுவும், "இந்த வரி எப்போதும் ஒரே நேரம்தான் எடுக்கும்" என்று உறுதி தருவதில்லை. ஆகவே இந்த நிரலை நீங்களே எழுதாதீர்கள், எந்த மொழியிலும். துறை வல்லுநர்கள் எழுதிச் சரிபார்த்த நூலகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 அப்படி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அது எஃப் ஸ்டார் என்ற மொழியில் எழுதப்பட்டு, கணித முறையில் சரியென்று நிறுவப்பட்டு, பிறகு சி-யாக மாற்றப்பட்டது.

நம்பிக்கை: சி-யில் எழுதிய எதையும் நம்ப முடியாது.

உண்மை: நம்பலாம், விலை கொடுத்தால். எஸ்இஎல்4 என்ற கருநிரல் ஏறத்தாழ 8,700 வரி சி. அது தன் வரையறையில் சொன்னதை மட்டுமே செய்யும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009-ல் கணித முறையில் நிறுவினார்கள். ஜெராக்ஸ் கடையின் ஒவ்வொரு தாளும் எண்ணப்பட்டது, வன்பொருள் சரியாக வேலை செய்யும் என்பது போன்ற சில அனுமானங்களின் பேரில். அதற்கு ஆன உழைப்பு ஏறத்தாழ 20 ஆள்-ஆண்டுகள். உங்கள் திட்டத்தில் அந்த அவகாசம் இருந்தால் சி-யில் எழுதுங்கள்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உட்கார்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: எது சிறந்த மொழி என்று தொடங்காதீர்கள். இந்த மென்பொருளுக்குள் தரவை அனுப்பப்போகிறவர் யார், எந்த வகைப் பிழையால் யாருக்குக் கேடு, அந்த வகையை மொழி தடுக்குமா, தடுக்காத மீதியை யார் எண்ணிப் பார்ப்பார் என்று தாளில் எழுதுங்கள். பராமரிக்கப்போகிற ஆட்களுக்கு அந்த மொழி தெரியுமா என்பதையும் எழுதுங்கள். தெரியாத நல்ல மொழியில் அரைகுறையாக எழுதியதும் ஆபத்துதான்.

கடைசியாக, சி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு. 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு இணையத்தின் முதல் பெரிய தாக்குதல். அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, சி-யின் கெட்ஸ் என்ற செயல்கூறு. அந்தச் செயல்கூறு தட்டச்சாகும் வரியை அப்படியே வாங்கிக்கொள்ளும். இடம் எவ்வளவு என்று கேட்காது. 512 பைட் இடத்துக்குள் புழு 536 பைட்டைத் திணித்தது. கெட்ஸை சி மொழியின் தரநிலையிலிருந்து நீக்க 2011 வரை ஆனது, 23 ஆண்டுகள். டர்போ சி-யின் நீலத் திரையில் பழகிய நம் பலருடைய ஆய்வக ரெக்கார்டு நோட்டில் அது இன்னமும் இருக்கிறது. இந்தப் பருவத்திலேயே அதை அடித்துவிட்டு, இடத்தின் நீளத்தையும் கேட்கும் எஃப்கெட்ஸ் எழுதச் சொல்லுங்கள். நீளத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு ஹார்ட்பிளீடைச் சொல்லுங்கள்.